காவலுக்குப் போகிறவன் கணக்கு

(தன்னாமுனையில் நடந்த பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு வைப்போம் என்றுதான் முதலில் பேச்சு. வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வருகிறவர்கள் ஒப்பவில்லை. ஆறுக்குத் தொடங்கினால் முடிய எட்டாகும், எட்டு மணிக்குப் பிறகு கரடியனாற்றுப் பக்கம் ஆனைக்குப் பயந்து சைக்கிளில் போகேலாது, வயல்வட்டையில் காவலுக்கும் ஆள் வேண்டும் என்றார்கள். அதனால் மூன்று மணி வெயிலில் கூடியிருக்கிறோம். வாவிக்காற்று வருகிற இடமாக இருந்ததால் தப்பினோம். நான் பேச வந்த விஷயத்தில் ஒரு சிறு செலவை இந்தக் கூட்டமே கட்டிவிட்டது.

காட்டுவிலங்கைக் காப்பாற்றும் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம். என்னை அழைத்த நண்பர் முதலில் தந்த தலைப்பில் ஓநாய் இருந்தது. "தம்பி, இந்த நாட்டில் ஓநாயே இல்லையே, நரிதானே இருக்கு" என்றேன். "நீங்க ஓநாயில தொடங்கி ஆனையில முடியுங்க அண்ணன்" என்றார். சரி, அப்படியே செய்கிறேன்.

அமெரிக்காவில் கொலராடோ என்றொரு மாநிலம். ஒருபுறம் டென்வர் போன்ற பெரிய நகரங்கள், மறுபுறம் மலையும் மேய்ச்சல் நிலமும். அங்கே இருந்த ஓநாய்களை 1940களுக்குள் சுட்டும் நஞ்சு வைத்தும் ஒழித்துவிட்டார்கள். 2020 நவம்பரில், ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்து விடலாமா என்று மக்களிடமே வாக்குக் கேட்டார்கள். விடலாம் என்றவர்கள் 51 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மயிரிழையில் வெற்றி. அந்த வாக்கில் பெரும்பங்கு நகரத்துப் பக்கம் விழுந்தது. 2023 டிசம்பரில் ஒரிகன் மாநிலத்திலிருந்து பத்து ஓநாய்களைப் பிடித்துவந்து திறந்துவிட்டது மறுபுறத்தில், மாடு வளர்க்கிறவர்களின் பக்கத்தில். நான்கு மாதத்துக்குள் கன்றுகள் சாகத் தொடங்கின.

இதில் நான் கவனித்தது நட்டஈட்டுச் சட்டத்தை. ஓநாய் கொன்ற ஒரு விலங்குக்கு 15,000 டொலர் வரை கேட்கலாம். அதோடு நிற்கவில்லை. ஓநாய்க்குப் பயந்து ஓடி ஓடிக் கன்று மெலிந்தால் அந்த நிறைக்கும், மாடு சினைப்படாமல் போனால் அந்தக் குறைவுக்கும் கேட்க வழி வைத்திருக்கிறார்கள். பயத்துக்கே ஒரு பத்தி ஒதுக்கிய சட்டம் அது. அதுவும் போதாது என்று அந்த மாட்டுக்காரர்கள் சண்டை பிடிக்கிறார்கள். பிடிக்கட்டும், அவர்கள் நியாயம் அவர்களுக்கு.

கொஞ்சம் கிட்ட வந்தால் கர்நாடகத்தில் கொப்பள் என்ற வறண்ட மாவட்டம். தென்னிந்தியாவில் ஓநாய் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அதுவும் ஒன்று. ஆட்டு மந்தையோடு ஊரூராய் நடக்கும் குருபர் இன மேய்ப்பர்களின் ஆட்டைத்தான் அங்கே ஓநாய் தூக்குகிறது. இன்றைக்கு இந்த ஊரில் கிடை, நாளைக்கு வேறூர். செத்த ஆட்டை வைத்துக்கொண்டு அதிகாரி வரும்வரை இருந்தால் மீதி மந்தைக்கு மேய்ச்சல் எங்கே? நட்டஈட்டுப் பணம் ஒதுக்கியிருந்தாலும் அந்த மேய்ப்பன் காலுக்கு அது எட்டாது.

இனி நம்முடைய வீட்டுக்கு வருவோம்.

2011இல் நடந்த கணக்கெடுப்பில் இலங்கையில் 5,879 யானைகள். யானை என்றால் வில்பத்து, யால என்று தேசியப் பூங்காவுக்குள் இருப்பது என்று கொழும்பில் பலர் நினைக்கிறார்கள். யானை நடமாடும் நிலத்தில் ஏறக்குறைய எழுபது சதவீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். 2019இல் 400 யானைகளுக்கு மேல் செத்தன, 120 பேருக்கு மேல் யானையால் செத்தார்கள். 2023இல் யானை 470ஐத் தாண்டியது, மனிதர் 160ஐத் தாண்டினார்கள். இந்த மட்டக்களப்பு மாவட்டத்தில் வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு, செங்கலடி, கிரான், வாகரை என்று எந்தப் பிரதேசத்தின் காட்டோரத்துக்குப் போனாலும் அந்த இலக்கத்தில் ஒருவருக்கோ இருவருக்கோ முகம் இருக்கும்.

ஒருகாலத்தில் அரசாங்கம் யானையைக் கொல்வதற்குக் காசு கொடுத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தலைக்கு இத்தனை சிலிங் என்று வெகுமதி. வட மாகாணத்தில் மட்டும் 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்குள் 3,500 யானைகளைத் தீர்த்தார்கள் என்று அக்காலத்துப் பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். செங்கலடியில் தொடங்கும் பதுளை வீதியில் ஏறிப் போனால் பதுளை வரும். அங்கே மேஜர் ரோஜர்ஸ் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். 1,400 யானைகளுக்கு மேல் சுட்டவர் என்று பெயர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். எங்கள் ஊர்க் கிழவிகளிடம் இதைச் சொன்னால் யார் அனுப்பிய இடி என்று அவர்களுக்கு ஒரு சந்தேகமும் இராது. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. கொல்லச் சொன்னதும் அரசாங்கம், கொல்லாதே என்று சொல்வதும் அரசாங்கம் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பின்னர் வந்த கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டி, காட்டை வெட்டி, இலக்கம் போட்ட கொலனிகளில் ஆட்களைக் குடியேற்றினார்கள். மண்டூருக்கு அப்பால் 39ஆம் கிராமம், 40ஆம் கிராமம் என்று இன்றைக்கும் அந்த இலக்கங்களே ஊர்ப்பெயர். யானைக்குத் தண்ணீரும் புல்லும் இருந்த பள்ளநிலந்தான் நெல்லுக்கும் வாய்ப்பான நிலம். பிறகு மகாவலித் திட்டம். அதனால் இடம் இழந்த விலங்குகளுக்கென்று 1983இல் மாதுறு ஓயாத் தேசியப் பூங்காவை அறிவித்தார்கள். அறிவித்த கோடு வரைபடத்தில் இருக்கிறது. யானைக்கு வரைபடம் தெரியாது.

அதன்மேல் யுத்தம். படுவான்கரையில் ஊர் ஊராய் எழும்பிப் போனோம். வயல் பற்றையானது, பற்றை காடானது, குளக்கட்டில் மரம் முளைத்தது. 2007க்குப் பிறகு திரும்பிப் போனபோது அந்த இடத்தில் ஒரு தலைமுறை யானை பிறந்து வளர்ந்திருந்தது. அதற்கு அது சொந்த ஊர். முன்பு போடிமார் என்ற நிலக்காரரிடம் உரிமத்தோடு ஒரு துவக்காவது இருந்தது, வானத்தை நோக்கி ஒரு வெடி வைத்தால் ஆனை விலகும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அந்தத் துவக்குகளும் யுத்தத்தோடு போயின. துவக்கைத் திருப்பித் தா என்று நான் கேட்கவில்லை. தம்பிமார் கைதட்ட வேண்டாம்.

ஆக, அணை கட்டியதும் குடியேற்றியதும் பூங்கா அறிவித்ததும் சண்டை பிடித்ததும் யார் யாரோ. இரவில் பரணில் ஏறுகிறவன் மட்டும் நம்முடைய ஆள்.

போன வருஷம் தை மாதம் ஒரு இரவு நானும் ஏறினேன். மருத மரத்தில் கட்டிய பரண், நாலு பேர், இரண்டு ரோச் லைற், ஒரு பிளாஸ்கில் வெறுந்தேத்தண்ணி. வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் ஆனைவெடியில் மிச்சம் இரண்டு. வயல்வேலைக்குத் தலைவரான முன்னிலைக்காரர் அதைச் சாரன் மடிப்பில் வைத்திருந்தார்.

"ரெண்டுதான் மனே இரிக்கி. ஒண்ட இப்ப போட்டா விடியச்சாமத்துக்கு ஒண்டுதான். அவசரப்படக் கூடா."

ஆனை வந்தது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சி, கையைக் காட்டினார். கொஞ்சநேரத்தில் சத்தம் கேட்டது. நெற்பயிரை ஒரு பிடி பிடுங்குகிற சத்தம், பிறகு தப்தப் என்று அடிக்கிற சத்தம். பிடுங்கிய பயிரின் வேரை முன்னங்காலில் அடித்துச் சேற்றை உதறிவிட்டுத்தான் வாய்க்குள் வைக்கிறது. கை கழுவிவிட்டுச் சோற்றில் கைவைக்கிற மனுசன் மாதிரி. பிடுங்கல், அடித்தல், மௌனம். பிடுங்கல், அடித்தல், மௌனம். எனக்குப் பயத்தைவிட அந்த நிதானந்தான் பெரிதாய்ப்பட்டது. பக்கத்திலிருந்த பொடியன் என் காதுக்குள் சொன்னான்: "அது தின்னுறது கொஞ்சம் சேர். மிதிக்கிறதுதான் நமக்கு மோசம்."

முன்னிலைக்காரர் ஒரு வெடியைக் கொளுத்தினார். நாலு பேரும் கூக்குரலிட்டார்கள். அலியன், கொம்பில்லாத பெரிய உரு, திரும்பி வரம்பிலேறி ஒரு அவசரமும் இல்லாமல் நடந்து போனது. பத்து நிமிஷம் இராது. அடுத்த வட்டையில் கூக்குரல் தொடங்கியது. நாங்கள் எங்கள் செலவை அவர்களுக்கு அனுப்பியிருந்தோம்.

இதைக் காசாக்கிப் பார்த்தேன். கதிர் முற்றி வெட்டும்வரை நாற்பது இரவு காவல் என்று வைத்துக்கொள்வோம். பகலில் அதே ஆள் கூலிக்குப் போனால் இரண்டாயிரத்துக்குக் குறையாது. நாற்பதை இரண்டாயிரத்தால் பெருக்கினால் எண்பதாயிரம். விவசாய கமநல காப்புறுதிச் சபை வெள்ளம், வரட்சி, காட்டு யானை மூன்றுக்கும் சேர்த்துக் கொண்டுவந்த காப்புறுதியில் ஏக்கருக்கு உச்சம் 40,000 ரூபாய் என்று வைத்தார்கள். இரண்டு ஏக்கர்க்காரன் முழுவதையும் ஆனைக்குக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது அதே எண்பதாயிரம். காவல் இருந்து பயிரைக் காப்பாற்றியவனுக்கு ஒன்றுமில்லை. அவன் சபைக்கு மிச்சம்பிடித்துக் கொடுத்த பணம் எந்தப் புத்தகத்திலும் வரவாக எழுதப்படுவதில்லை.

எனக்கு மாமி முறையான ஒருவர் இருக்கிறார். புருஷன் இல்லை, மகன் கட்டாரில். இரண்டு ஏக்கர் மானாவாரி. பரணுக்குப் பெண் போக முடியாது, ஆளுக்குக் காசு கொடுக்கிறார். ஒரு வருஷம் வெள்ளாமை தப்பிவிட்டது. மூடையை வீட்டுக்குள் அடுக்கினார். பதினொராம் நாள் ஆனை வந்து மண்சுவரை நெற்றியால் தள்ளி, நெல்லை இழுத்தது. மாமி பின்வாசலால் ஓடி, அயல்வீட்டுக் கொங்கிறீற்றுத் தட்டில் விடியும்வரை இருந்தார்.

சுவருக்கு நட்டஈடு கேட்கப் போனார். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பொலிஸ் முறைப்பாடு, படம், மதிப்பீடு. ஒரு அலுவலகத்தில் படம் தெளிவில்லை என்றார்கள். சுவர் விழுந்த இடத்தில் சுவர் இல்லாமல் இருப்பதை எப்படித் தெளிவாக எடுப்பது என்று மாமிக்கு விளங்கவில்லை. மூன்றாம் முறை பஸ் ஏறியதோடு விட்டுவிட்டார். ஒரு பயணம் போனால் ஒரு நாள் கூலி போகிறது.

ஆனால் அவருக்குப் போன பெரிய காசு அந்தச் சுவரில் இல்லை. அதற்குப் பிறகு வந்த எந்த வருஷமும் அவர் நெல்லை வீட்டில் வைப்பதில்லை. வெட்டிய அன்றைக்கே, மெஷினிலிருந்து விழுந்த ஈர நெல்லை அப்படியே வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். அறுவடைக் காலத்தில் விலை விழுந்து கிடக்கும், அதிலும் ஈரத்துக்கு என்று மூடைக்கு இத்தனை கிலோ கழிப்பான். ஆனி ஆடியில் அதே வியாபாரியிடம் அரிசி வாங்குகிறார். இந்த வித்தியாசத்தை வருஷா வருஷம் அவர் கட்டுகிறார், ஆனை வந்தாலும் வராவிட்டாலும். கொலராடோவில் மெலிந்த கன்றுக்குப் பத்தி வைத்தவர்கள் இங்கே இருந்தால் இதற்கும் ஒரு பத்தி வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

"அத ஏன் மனே இப்ப பேசுறாய்? உசிரு தப்பினது காணாதா?" என்கிறார் மாமி.

உயிர் போனால் இப்போது பத்து இலட்சம் ரூபாய். முன்பு ஐந்து இலட்சமாக இருந்தது. கூட்டியது நல்லதுதான். ஆனால் செத்தவனுக்கும் உடைந்ததற்கும் மட்டும் விலை வைத்த ஒரு முறையில், விழித்திருந்தவனும் பயந்து விற்றவளும் கணக்குக்குள் வருவதே இல்லை.

சரி, அரசாங்கம் செலவழிக்கவில்லையா? செலவழிக்கிறது. மின்வேலி மட்டும் நாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல் போட்டிருக்கிறார்கள். எங்கே போட்டார்கள் என்பதுதான் கேள்வி. பெரும்பகுதி திணைக்களத்தின் எல்லைக்கோட்டில் ஓடுகிறது. இந்தப் பக்கம் வனசீவராசிகள் திணைக்களத்தின் காடு, அந்தப் பக்கம் வனத் திணைக்களத்தின் காடு. இரண்டு பக்கமும் யானை, நடுவில் வேலி. இரண்டு அலுவலகங்களைப் பிரிக்கிற வேலிக்கு இரவில் ஒருவனும் காவல் இருக்க மாட்டான்.

மின்வேலியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். எனர்ஜைசர் என்ற பெட்டி பற்றரியிலிருந்து மின்சாரத்தை எடுத்து, நொடிக்கொரு தரம் போல ஒரு சொடுக்குச் சொடுக்கும். ஆயிரக்கணக்கான வோல்ற், ஆனால் கணநேரம். உயிர் போகாது, சுருக்கென்று இருக்கும். கம்பியில் புல் முட்டினால் அந்தச் சொடுக்கு நிலத்துக்குள் இறங்கிவிடும். மாரியில் பத்து நாள் புல் வெட்டாவிட்டால் வேலி வெறுங்கம்பி. யானை அதைக் கண்டுபிடிக்க ஒரு இரவு போதும். கொம்பில் மின்சாரம் ஏறாது என்பதும் கொம்பனுக்குத் தெரியும், கட்டையைத் தள்ளினால் கம்பி விழும் என்பது அலியனுக்குத் தெரியும். வேலி பழுதானபின் சிலபேர் வீட்டு மின்சாரத்தையே கம்பியில் கொடுக்கிறார்கள். அதில் ஆனையும் சாகிறது, விடியற்காலையில் தண்ணீர் பார்க்கப் போன மனிதனும் சாகிறான்.

குருநாகல் மாவட்டத்தில் கல்கமுவப் பக்கம் யானை ஆய்வாளர் கலாநிதி பிரிதிவிராஜ் பெர்னாண்டோவும் அவருடைய ஆய்வு நிலையத்தாரும் விவசாயிகளோடு சேர்ந்து வேறு வழி பார்த்தார்கள். வேலியைக் காட்டெல்லையில் போடாமல் வயலைச் சுற்றிப் போடுவது. விதைத்தபின் நடுவது, வெட்டியபின் கழற்றி வைப்பது. கழற்றியதும் ஆனை வந்து ஒட்டுக்கதிரையும் வைக்கோலையும் தின்றுவிட்டுப் போகும். வேலியைப் பார்ப்பது விவசாயிகளின் குழு, செலவில் ஒரு பங்கும் அவர்களுடையது. 2020இல் அவர் தலைமையில் எழுதிய தேசியச் செயற்திட்டமும் இதைத்தான் முன்வைத்தது. ஊரைச் சுற்றி நிரந்தர வேலி, வயலைச் சுற்றிப் பருவ வேலி.

யானையைப் பிடித்துக் கொண்டுபோய் வேறிடத்தில் விடலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்பார். பெர்னாண்டோவும் அவருடைய தோழர்களும் அப்படிக் கொண்டுபோய் விட்ட பன்னிரண்டு ஆண் யானைகளுக்குக் கழுத்துப்பட்டி மாட்டிப் பின்தொடர்ந்து 2012இல் எழுதினார்கள். சில விட்ட இடத்திலிருந்து வீட்டுக்கே நடந்து வந்தன, சில ஊரூராய் அலைந்தன, சில விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே தங்கின. தொல்லையும் கூடவே போனது. எங்கள் பரணிலிருந்து அடுத்த வட்டைக்கு அனுப்பினோமே, அதே வேலையைத்தான் லொறியில் வைத்துச் செய்கிறார்கள்.

வயல்வேலியின் செலவில் விவசாயியும் ஒரு பங்கு போட வேண்டும் என்று சொன்னால் படுவான்கரையில் கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. நாமா ஆனையைக் கூப்பிட்டோம்? ஆனால் யாரோ போட்டுவிட்டுப் போன வேலியின் பற்றரி மூன்றாம் மாதம் காணாமற்போவதையும் நான் பார்த்திருக்கிறேன். எடுத்தது ஆனை இல்லை. ஆகவே கட்டை நடுவது, புல் வெட்டுவது, பற்றரியைப் பார்ப்பது நம்முடைய கை. கம்பியும் பெட்டியும் சோலரும் நம்முடைய பணமாக இருக்கக் கூடாது. அங்கே நான் விடமாட்டேன்.

யாருடைய பணம்? ஆகஸ்ட் செப்ரெம்பரில் மின்னேரியாவுக்குப் போங்கள். குளம் வற்றிப் புல் முளைத்த இடத்தில் நூற்றுக்கணக்கில் யானை கூடும். ஜீப் வரிசையாய் நிற்கும், வெளிநாட்டார் டொலரில் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள், ஹோட்டலில் அறை கிடையாது. அந்த யானை மீதி மாதங்களில் எங்கே தின்கிறது என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்காது. கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் ஓடும் நம்முடைய மீனகயா ரயில் அந்தப் பக்கத்தால்தான் வருகிறது. 2025 பெப்ரவரியில் ஒரு இரவு அது யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் செத்தன. நாமும் அந்த ரயிலில் தூங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான். ரயிலை மெதுவாய் ஓட்டச் சொன்னால் ஒரு மணித்தியாலம் பிந்தும் என்று முணுமுணுப்போம். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரையில் இருந்துகொண்டு ஆனையை நேசிக்கிற எனக்கு அந்த ஒரு மணித்தியாலமாவது செலவாக வரட்டும்.

ஆனையும் செலவு கட்டுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பூசணிக்காய்க்குள் வைக்கிற ஹக்கபட்டாஸ் என்ற வெடியைக் கடித்து வாய் சிதறிய குட்டிகள், ஒன்றும் தின்ன முடியாமல் குளக்கரையில் வாரக்கணக்கில் நின்று சாகின்றன. பன்றிக்கு வைத்தது என்பார்கள். வைக்கிறவனுக்கு ஆனைமேல் கோபம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வெல்லாவெளிப் பக்கம் ஆனைகட்டியவெளி என்று ஒரு ஊர் இருக்கிறது. ஆனையைக் கட்டி வைத்துப் பழகிய ஆட்கள் வாழ்ந்த மண் இது என்று அந்தப் பெயரைக் கேட்கும்போது எனக்குத் தோன்றும்.

இந்த மேடையிலிருந்து நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பூங்கா நுழைவுச்சீட்டில் ஒரு பங்கைப் பருவவேலிக்கென்று எழுதி ஒதுக்குங்கள். கமநல சேவை நிலையத்துப் பதிவுப் புத்தகத்தில் காவல் இரவு என்று ஒரு பத்தி போடுங்கள். காசு தராவிட்டாலும் முதலில் எண்ணுங்கள். காட்டோர ஊர்களுக்கு யானை உடைக்க முடியாத ஒரு பொது நெற்களஞ்சியம் கட்டுங்கள். மாமி தன் நெல்லை ஆனிவரை வைத்திருக்கட்டும்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்று தலைவர் சொல்கிறார். இரண்டாம் வரிசையில் இருக்கும் பெரியவர் நான் பேசும்போதே மூன்று முறை கையை உயர்த்தினார். எங்கே ஐயா, கரடியனாறா? அப்பாலையா? செங்கலடியில் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்கிறார். மற்றவர்கள் பொறுங்கள், வாத்தியார்மார் நாளைக்கும் பேசலாம். ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள் தம்பி.